பங்குனியில் ராகி ஏது?

லூர்து அப்பாவுக்கு, சேசுவுக்குத் தோத்திரம்.

உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நம்ம மகள் லூர்து போர்டிங்கிலிருந்து போட்ட கடிதங்களை எல்லாம் நான்தான் படித்துக் காட்டுவேன். நீங்க மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே, "ஏ புள்ள, அந்த எடத்தை இன்னொருக்கா படி" என்பீங்க. இதையும் நானே உங்களுக்குப் படித்துக் காட்டலாம் என்றுதான் எழுதுகிறேன். நீங்க போய்ப் பதிமூணு வருசம் ஆகிறது. எழுதி வைத்துக்கொண்டால்தான் பாதியில் நிறுத்தாமல் சொல்வேன். வாயால் சொல்லப் போனால் பொய் முந்திக்கொண்டு வருகிறது. அத்தனை வருசப் பழக்கம்.

முதலில் நல்ல சேதி சொல்கிறேன். நீங்க போனப்போ நாம சேலம் ஜில்லா. இப்போது தர்மபுரியே தனி ஜில்லா. கலெக்டரைப் பார்க்கத் தொப்பூர் கணவாய் தாண்ட வேண்டியதில்லை. நடுவில் ரெண்டு மூணு வருசம் சர்க்காரே சாராயக்கடை திறந்து வைத்தது, பெண்ணாகரத்தில், பட்டப்பகலில். அப்புறம் மூடிவிட்டார்கள். கடை திறந்த அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. ஏன் என்று லூர்து கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். உங்களுக்குத் தெரியும் ஏன் என்று.

பேத்தி பிலோமினா, நீங்க போனப்போ ரெட்டைச்சடை போட்டுக்கொண்டு ஆறாவதோ ஏழாவதோ படித்தாளே, அவள் இப்போது மெட்ராஸ் யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி பண்ணுகிறாள். எதைப் பற்றித் தெரியுமா? ஆனையைப் பற்றி. ஆனையும் மனுசனும் எங்கே, எப்போது முட்டிக்கொள்கிறார்கள், ரெண்டு பேரும் சாகாமல் இருக்க என்ன வழி, இதுதான் அவள் படிப்பு. முடித்தால் டாக்டர் பட்டம் கொடுப்பார்களாம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஊரில் அதை மட்டும் நான் சொல்வதில்லை, டாக்டருக்குப் படிக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். போன மாசம் ஒருத்தி வயிற்றுவலி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பிலோ ஓமத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

ரெண்டு வருசமாக நம்ம வூட்டில்தான் தங்கியிருக்கிறாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு, ஃபாரெஸ்ட்டு வாட்சரோடு ஒகேனக்கல் ரோடுவரைக்கும் நடப்பாள். ஆனை போன தடத்தை அளப்பாள். அது போட்ட லத்தியைப் பையில் அள்ளிக்கொண்டு வந்து, ராகி மாவு சலிக்கிற என் சல்லடையிலே போட்டுச் சலிப்பாள்.

"ஏண்டி, அது களி கிண்டற மாவுச் சல்லடைடி" என்று கத்தினேன்.

"கழுவிட்டாப் போச்சு ஆயா. ஆனை சைவம்தானே" என்கிறாள்.

உங்க சிரிப்புதான் அவளுக்கு. பாப்பாரப்பட்டிச் சந்தையில் புதுச் சல்லடை வாங்கிக்கொண்டேன். பழசை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.

இனிமேல் எழுதுவது கஷ்டம்.

இன்னும் நாலு நாளில் உங்க ஆண்டுப் பூசை. பூசை முடிந்ததும் உபதேசியார் மகன் சவரி என்னிடம் ஒரு காகிதம் வாங்கிக்கொள்ள வருவான். அந்தக் காகிதம் இப்போது மாதா சுரூபத்துக்கு அடியில் இருக்கிறது. கலெக்டருக்கு ஊரே சேர்ந்து எழுதின மனு. ஒத்தைக் கொம்பன் என்று ஓர் ஆனை இருக்கிறது, வலதுபக்கக் கொம்பு பாதியில் முறிந்தது. போன வாரம் அது நம்ம தெருக்கோடிச் சின்னப்பன் காட்டுக்கு வந்து கொட்டகையை இழுத்துப் போட்டதில் சின்னப்பனுக்குக் கால் முறிந்துவிட்டது. தர்மபுரி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அந்த ஆனையைச் சுட்டுத் தள்ள உத்தரவு வேணும் என்று மனு.

சவரி வாசலில் உட்கார்ந்து சொன்னான். "பெரியம்மா, மொதல் கையெழுத்து உங்களுதுதான். ஆனைக்குப் புருசனைக் குடுத்தவங்க நீங்க. மத்த பொம்பளைங்களுக்குக் கைநாட்டு வெக்க மைப்பொட்டி தேடணும், உங்களுக்கு அது வேண்டாம் பாருங்க."

நான் அஞ்சாவது படித்ததில் அவனுக்கே பெருமை. பிலோ உள்ளேயிருந்து வந்தாள்.

"மாமா, இவன் இதுவரைக்கும் ஒரு மனுசரையும் கொன்னதில்லைங்க. பதினஞ்சு வருசமா இந்தத் தடத்துல போறான் வர்றான், எல்லாரையும் கேட்டு எழுதி வெச்சிருக்கேன். சின்னப்பன் மாமாவும் கொட்டகை விழுந்துதான் கால் முறிஞ்சாரு."

"உன் தாத்தனை மிதிச்ச சாதி கண்ணு அது. அதுக்கு நீ வக்கீலா?"

"தாத்தாவைக் கொன்னது வேற ஆனை மாமா. அதைத்தான் அப்பவே சுட்டாங்களே. ஆயா வந்து அடையாளம் காட்டிச்சே."

நான் அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். கோல் நின்றுபோயிற்று. அடிபிடித்த வாசனை வந்து பிலோதான் ஓடிவந்து இறக்கினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாசவாரியாகக் கட்டம் போட்டு, ஆனை வந்த நாளுக்கெல்லாம் கோடு இழுத்திருந்தாள்; ஆனையால் செத்தவர்கள் பேருக்குத் தனிக் கட்டம். கார்த்திகை, மார்கழியில் கட்டம் நிறையக் கோடு. ராகி முற்றுகிற மாசம், ஆனை வருவது நியாயம். தையில் கொஞ்சம், அவரைக்கும் துவரைக்கும். மாசியில் குறைய வேண்டும். ஆனால் மாசியிலும் பங்குனியிலும் மறுபடி கோடு. அந்த மாசம் நம்ம மேட்டுக்காடெல்லாம் கட்டாந்தரையாகக் கிடக்கும், ஒரு பச்சை இருக்காது.

"எதுக்கு வருதுன்னு ஊர்ல யாரைக் கேட்டாலும் 'தெரியாதுங்க'ன்னு சொல்றாங்க ஆயா. நோட்டைப் பாத்தாலே வாயை மூடிக்கறாங்க." மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். "போன பங்குனியில ஒத்தைக் கொம்பன் லத்தியில இருந்தது. இது வேலம்பட்டைத் துண்டு. இது துணி. ஆனை எதுக்குத் துணி தின்னுது?"

வெள்ளை வேட்டிக் கிழிசல், ஓரத்தில் முடிச்சுப் போட்ட தடம். சாராய ஊறல் பானையின் வாயைக் கட்டுகிற துணி. அதை எனக்குத் தெரியாதா? எத்தனை பானைக்கு என் கையால் கட்டிக் கொடுத்திருக்கிறேன்!

"தெரியலையே கண்ணு" என்றேன்.

பொட்டலத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். "தாத்தா ராகிக் காவல்ல செத்தாருன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"அவரோட ஆண்டுப் பூசை எந்த மாசம் ஆயா?"

அவளேதான் சொன்னாள்.

"ஒவ்வொரு வருசமும் தபசு காலத்துல, பங்குனியில வெக்கிறோம். கறி இல்லாம மொச்சைக்கொட்டைக் கொழம்பு வெச்சுச் சோறு போடுவே. பங்குனியில ராகி ஏது?"

பாருங்க, பதிமூணு வருசம் ஊர் கேட்காத கேள்வி. பூசைக்கு எல்லோரும் வருகிறார்கள், சோறு தின்கிறார்கள், காவல் காத்துச் செத்த மனுசன் என்று சொல்லிக் கை கழுவுகிறார்கள். மாசத்தை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. என் பேத்தி எண்ணிவிட்டாள். பெருமைப்படுவதா, பயப்படுவதா?

"அந்த வருசம் மழை தப்பிப் பின்னால வெதச்சோம்" என்றேன். ஒரு நிமிசம் என் முகத்தைப் பார்த்தாள். "சரி ஆயா" என்று நோட்டை மூடினாள். நான் சொன்னதை எழுதவில்லை. உங்க பேருக்கு நேரே அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டாள்.

அந்த வெறும் கட்டத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பங்குனியில் ஓடைக்கரையில் நீங்க ஊறல் போட்டிருந்தீங்க. வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு, வாயைக் கட்டி, மண்ணில் புதைத்து வைத்தது. தபசு காலம் என்பதால் நீங்க தொடமாட்டீங்க. பாஸ்காப் பண்டிகைக்கு லூர்து மாமனார் வூட்டார் வருவார்கள், அவர்களுக்காகப் போட்டது. அந்த வாரம் மதுவிலக்குப் போலீஸ் ஜீப்பு ஓடைப்பக்கம் வந்தது. சாமியாரும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வெளுத்து வாங்கினார். நீங்க வூட்டுக்கு வந்து, "கொட்டிப்புடறேன் புள்ள. எதுக்கு இந்தப் பொழப்பு" என்றீங்க.

கொட்டியிருந்தால் நீங்க இன்றைக்கு இருப்பீங்க. நான்தான் விடவில்லை.

அதுக்கு முந்தின வருசம் பாஸ்காவில் சம்பந்தியம்மா என்ன சொன்னாள் என்று ஞாபகம் இருக்கா? "எங்களுக்கென்னங்க, பொண்ணு குடுத்த வூட்டுல மோரு கெடைச்சாலே போதும்." கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருசம் என் காதிலேயே இருந்தது. "இந்தத் தடவை நான் தலைகுனிய மாட்டேன்" என்றேன். "பானையை நம்ம காட்டுக்கே கொண்டாந்துடலாம். காவல் பரணுக்கு அடியில வைக்கப்போருக்குள்ள வெச்சா எவன் தேடுவான்? நானே தூக்கியாறேன். பொம்பள தலையில இருக்கற வைக்கோலை எந்தப் போலீசு கெளறுவான்?"

ஓடையிலிருந்து நம்ம காடுவரைக்கும் நான்தான் சுமந்தேன். கூடைக்குள் பானை, மேலே ராகித்தாள். எதிரே ஜீப்பு வந்தது. டிரைவர் எனக்காக ஒதுங்கிக்கூடக் கொடுத்தான். நான் எப்படி நடந்தேன் தெரியுமா? ராணி மாதிரி.

காட்டிலே ஒண்ணும் இல்லாத மாசத்தில் நீங்க பரண்மேலே உட்கார்ந்திருந்தது அந்தப் பானைக்குக் காவலாகத்தான். நாலாம் நாள், பொழுது இறங்குகிற நேரத்தில், களியும் கொள்ளுச் சாறும் கொண்டுவந்தேன். நான் பரணுக்குக் கீழே வருகிறபோது வைக்கோல்போருக்கு அந்தப்பக்கம் ஏதோ உரசுகிற சத்தம். மாடு என்று நினைத்து அதட்டினேன். தும்பிக்கை போருக்கு மேலே எழும்பியது. அப்புறம் முகம். வலதுகொம்பு பாதிதான் இருந்தது.

அதன் கண்ணில் கோபம் இல்லை, லூர்து அப்பா. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. புளித்த வாசனைக்கு வந்த ஆனை அது. பானையைத்தான் தேடியது. ஆனால் பானைக்கும் அதுக்கும் நடுவில் நான் நின்றேன். ஓடு என்று மனசு சொல்கிறது, கால் எடுக்க வரவில்லை.

பரண்மேலே இருந்திருந்தால் உங்களுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. நீங்க இறங்கினீங்க. தகரத்தைத் தட்டிக்கொண்டு, "இந்தா, இங்க பாரு, இங்க பாரு" என்று அதைக் கூப்பிட்டுக்கொண்டே அந்தப்பக்கம் ஓடினீங்க. அது திரும்பியது. ஒரே வீச்சுதான்.

பிறகு அது போருக்கு வந்தது, பானையை உடைத்தது, உறிஞ்சியது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடைப்பக்கம் போயிற்று.

இதுக்கு மேலே எழுத எனக்கு மூணு நாள் ஆனது.

அது போனதும் நான் உங்களிடம் வரவில்லை. பானையிடம் போனேன். ஊர் ஓடிவந்தால் வாசனை தெரியும், போலீஸ் வரும், சம்பந்தி வூட்டுக்குச் சேதி போகும். ஓட்டுத்துண்டுகளை மடியில் பொறுக்கினேன். கசிந்த இடத்தைக் கையால் சுரண்டி மண் போட்டு மூடினேன். மேலே வைக்கோலை இழுத்துவிட்டேன். அதுக்கப்புறம்தான் கூச்சல் போட்டேன்.

எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு செபமாலையில் பாதியா, கால்வாசியா? நான் வந்து பார்த்தப்போ உங்க கண் திறந்திருந்தது. நான் பொறுக்கினதை நீங்க பார்த்தீங்களா? கூப்பிட்டீங்களா? முதலிலேயே கத்தியிருந்தால் வண்டி கட்டி உங்களைப் பெண்ணாகரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்களா? தகர டப்பா உங்க கையிலேயே இருந்தது. அதை மட்டும் தெரிந்துகொண்டேன்.

எட்டாம் நாள் சர்க்கார் அனுப்பின துப்பாக்கிக்காரர் வந்தார். ஓடைக்கு மேற்கே ஓர் ஆனையைச் சுட்டு வீழ்த்திவிட்டு, என்னை வண்டியில் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். "இதுதானாம்மா?" என்று கேட்டார்.

ரெண்டு கொம்பும் முழுசாக இருந்தது. வாயில் பாதி மென்ற மூங்கில் இலை. இது இல்லை என்று சொன்னால் மறுபடி தேடுவார்கள், நம்ம காட்டிலிருந்து தடம் பிடிப்பார்கள், போரைக் கிளறுவார்கள். நான் தலையை ஆட்டினேன். கூட்டம் கைதட்டியது. அடுத்த ஊர்க்காரி ஒருத்தி மட்டும் கற்பூரம் ஏற்றி அதன் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டு அழுதாள். அவளோடு நானும் அழுதேன். புருசனை நினைத்து அழுகிறாள் என்றார்கள்.

ஒவ்வொரு தபசு காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போடுகிறேன். கோபப்பட்டது, பொய் சொன்னது, பொறாமைப்பட்டது எல்லாம் சொல்வேன். கொலை செய்யாதே என்று கட்டளை இருக்கிறதே, அதில் ஆனை சேருமா சாமி என்று கேட்க மட்டும் வாய் வந்ததில்லை. உங்களைப் பற்றிக் கேட்கவும் வாய் வந்ததில்லை.

போன வாரம் சின்னப்பன் கொட்டகை விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். அங்கே என்ன இருந்தது என்று நான் எழுத மாட்டேன், அது அவர்கள் வாயால் வர வேண்டியது. அவன் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் நகக்கண்ணில் ஈரமண் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எனக்குப் புருசன் இல்லை. அவளுக்கு இருக்கிறான். அடுத்த பங்குனிவரைக்கும் இருப்பானா?

பிலோ ரெண்டு வருசமாகத் தேடுகிற பதில் என் மடியில் இருக்கிறது. ஊரே மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. சொன்னால் கஷ்டம் உண்டு. ஒத்தைக் கொம்பன் ஒருத்தரையும் கொன்னதில்லை என்று அவள் வாதாடுகிறாள். கொன்றிருக்கிறான், உன் தாத்தாவையே கொன்றிருக்கிறான் என்று நான் சொல்ல வேண்டும். அவள் முகம் எப்படி மாறும்? ஆனாலும் என் பொய்யின்மேல் நின்றுகொண்டு அவள் டாக்டர் பட்டம் வாங்க வேண்டாம். அவன் எதுக்கு வந்தான், யார் வரவைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வேன். ஒரு தடவை தலையாட்டி ஓர் ஆனையைக் கொன்றேன். இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டுக் கொல்ல மாட்டேன்.

காவல் காத்துச் செத்தவர் என்ற பேர் உங்களுக்குப் போய்விடும். அதுக்கு உங்க உத்தரவைக் கேட்கிறேன். ஆனால் ஒண்ணு யோசித்துப் பார்த்தேன். பானையை மறைக்கப் போய் இன்னொன்றையும் நான் சேர்த்துப் புதைத்துவிட்டேன். நீங்க ராகிக்காகச் சாகவில்லை, சாராயத்துக்காகவும் சாகவில்லை. பத்திரமாக இருந்த இடத்தைவிட்டு எனக்காக இறங்கி வந்தீங்க. அதை உங்க மகளுக்குக்கூட நான் சொல்லவில்லை. உங்களுக்குச் செய்த அநியாயத்தில் பெரியது இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

விடிந்தால் உங்க பூசை. காலையில் முதலில் இதைப் பிலோ கையில் கொடுப்பேன். பூசை முடிந்ததும் உங்க கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, லூர்து, சம்பந்தியம்மா, சவரி, சின்னப்பன் பெண்டாட்டி எல்லோரும் நிற்கும்போது நானே சத்தமாகப் படிப்பேன். நீங்க இன்னொருக்கா படி என்று சொல்கிற இடம் எது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை ரெண்டு தடவை படிப்பேன். பிறகு பிலோவைக் கூட்டிக்கொண்டு நம்ம காட்டுக்குப் போய், போர் இருந்த இடம், நான் நின்ற இடம், நீங்க ஓடின தூரம் எல்லாம் காட்டுவேன். அவள் நாடாவை வைத்து அளக்கட்டும். உங்க பேருக்கு நேரே இருக்கிற கட்டத்தை நிரப்பட்டும். அந்த ரெண்டு கொம்பு ஆனைக்கும் ஒரு கட்டம் போடச் சொல்வேன். குற்றம் என்ற இடத்தில் ஒண்ணும் இல்லை என்று எழுதச் சொல்வேன்.

இது சத்தியம். சவரி கேட்ட காகிதத்தில் போடாத கையெழுத்தை இதிலே போடுகிறேன்.

லூர்துமேரியின் அம்மா, பிலோமினாவின் ஆயா,
நீங்க இறங்கி வந்து காப்பாற்றின உங்க வூட்டுக்காரி,
அன்னம்மாள்